மெழுகுக்கு மேலே ஒரு கோடு

வினாயகமூர்த்தி, செய்து முடித்த பெட்டிக்கு அளவுக்கோடு கீறிக்கொண்டிருந்தார். மரவேலை தெரிந்த யாராவது அந்த நேரம் பின்வளவுப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் வயிறு வெடிக்கச் சிரித்திருப்பார்கள். அளவுக்கோடு முதலில் கீறுவது. வாள் எங்கே நிற்க வேண்டும், உளி எங்கே இறங்க வேண்டும் என்று பலகையின் ஓரத்தில் கத்திமுனையால் ஒரு கோடு. அதற்குப் பிறகுதான் வெட்டே. வேலை முடிந்த பிறகும் அந்தக் கோடு மூட்டுகளின் அடியில் மெல்லிசாகத் தெரிந்துகொண்டிருக்கும். கையால் செய்த சாமானில் அதை யாரும் அழிக்கமாட்டார்கள், அது ஒரு பெருமை. இவருடைய பெட்டியிலோ மூட்டு வெட்டியாயிற்று, ஒட்டியாயிற்று, தேன்மெழுகு பூசி முகம் தெரிய மினுக்கியும் ஆயிற்று. கோடு மட்டும் இல்லை. வெட்டியது களுவாஞ்சிகுடியில் கட்டில் மேசை செய்யும் ரதீஸின் தளபாடக் கடை மெசின். மெசினுக்குக் கோடும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

தை மாதத்து மத்தியானம். மழை விட்ட வளவில் மண் இன்னும் காயவில்லை. வாவிப் பக்கமிருந்து ஈரக் காற்று வந்து வாழையிலைகளைத் தூக்கத்தில் புரண்டு படுக்க வைத்துவிட்டுப் போனது. சீமெந்துப் படியில் கால்களை அகட்டி உட்கார்ந்து, பெட்டியை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு, இரும்பு அடிமட்டத்தை ஒரு கையால் அழுத்தி, மறு கையால் கத்தியை இழுத்தார். அடிமட்டம் இருந்தும் கோடு நேராகப் போகவில்லை. கத்தி பிடித்த கையும் நடுங்கி, மட்டம் பிடித்த கையும் நடுங்கினால் மட்டம் பாவம் என்ன செய்யும்? புதுக் கீறல் வெள்ளை வெளேரென்று பல்லைக் காட்டியது. அதை மறைக்க, வெறும் தேயிலைச் சாயத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவினார். சாயம் கீறலுக்குள் இறங்கிக் கோடு பழசாகிவிட்டது. பெட்டியைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். தூரத்தில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"இஞ்சேருங்க, தேத்தண்ணி."

சீதேவிப்பிள்ளை கோப்பையைப் படியில் வைத்தாள். பாதிதான் இருந்தது. சில மாதங்களாகவே பாதிதான். ஏன் என்று அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இன்று மட்டும் என்னவோ அது அவருக்குச் சுள்ளென்று ஏறியது.

"ஏன் அரைக் கோப்பை? வீட்டில சீனி முடிஞ்சிதா?"

"ஆறிப் போகும் எண்டுதான். குடிச்சிட்டுக் கேளுங்க, மிச்சத்த ஊத்துறன்." அவள் குனிந்து பெட்டியைப் பார்த்தாள். "நல்ல வடிவா இரிக்கு. ரதீஸ்ட வேலை எண்டு சொல்லியே கொண்டு போகலாமே."

"நீ பேசாம இரி."

"நான் பேசாமத்தான் இரிப்பன். அந்த மஜீட்ட கண் பேசாம இரிக்குமா?"

மஜீட் காத்தான்குடியில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துச் சோதித்து, தன் கண்ணைக் கத்திபோல வைத்திருக்கும் மனுசன். வினாயகமூர்த்தி தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். பாதிக் கோப்பை சிந்தாது என்பது அவருக்கும் தெரியும்.

கை நடுங்கத் தொடங்கியது முந்தின வைகாசியில். கண்ணகையம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு அன்று தீர்த்தத்துக்குக் கையை ஏந்தியபோது, உள்ளங்கையில் விழுந்த தண்ணீர் வாய்க்கு வருவதற்குள் விரலிடுக்கால் போய்விட்டது. சனக்கூட்டத்தில் யாரோ இடித்தார்கள் என்று நினைத்துக்கொண்டார். ஒருவரும் இடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்தாளராகக் காலம் தள்ளிப் பென்சன் எடுத்தவர். அவர் மருந்துக் குளிசை அள்ளிப் போட்ட கையைப் பார்த்தே நோயாளிக்குப் பாதி வருத்தம் போய்விடும் என்று பேர். இப்போது மட்டக்களப்பில் பெரிய டொக்டர் அதே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கெட்ட நடுக்கம் இல்லை ஐயா. சும்மா இருந்தால் வராது. ஏதும் செய்யப் போனால்தான் வரும்" என்றார். சும்மா இருக்கிறவனுக்குச் சுகம், வேலை செய்கிறவனுக்குத் தண்டனை. இதென்ன நியாயம் என்று கடவுளிடம் கேட்கலாம், டொக்டரிடம் கேட்க முடியுமா? தந்த குளிசையை வாங்கிக்கொண்டு வந்தார். அது கொஞ்சம் கேட்டது, கொஞ்சம் கேட்கவில்லை.

மத்தியான நித்திரையில் மட்டும் அவருடைய கை பழைய கை. அந்தக் கனவு அடிக்கடி வரும். பெரிதாக ஒன்றும் நடக்காது அதில். முதிரைப் பலகை ஒன்று மேசையில் இருக்கும், மஞ்சளாக, பட்டுப்போல. அவர் உளியை வைத்து உள்ளங்கையால் தள்ளுவார். மரம் வெண்ணெய் மாதிரி விட்டுக்கொடுக்கும். சுருள் சுருளாகச் சீவல் எழுந்து, விழாமல், கொட்டிலின் கூரை வரைக்கும் மிதந்து போகும். அங்கே வேறு சீவல்களும் மிதந்துகொண்டிருக்கும், யார் யாருடையவோ. வெளிச்சம் அவற்றுக்குள்ளால் வடிந்து அவர் கைமேல் விழும். கை அசையாமல் இருக்கும். அவ்வளவுதான் கனவு. முழித்ததும் கையைத்தான் முதலில் பார்ப்பார். அது பாயில் சாதுவாகக் கிடக்கும். இன்றைக்குச் சரியாகிவிட்டது போலிருக்கே என்று ஒரு ஆசை வரும். செம்பைத் தூக்கப் போவார். ஆசை போய்விடும்.

மூன்று மணி கழிந்து வெயில் சாய்ந்தபோது, பெட்டியைப் பழைய சாரத்துண்டில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார். வெக்கையிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். துறையடிக்குப் போகும் வீதியில் ஆள் நடமாட்டம் இல்லை. அம்பிளாந்துறைப் பக்கம் போகும் 'பாதை' என்கிற மிதவைப் படகு, மோட்டார் சைக்கிள்களையும் ஒரு பசுவையும் ஏற்றிக்கொண்டு நடு வாவியில் நின்றது. போகிறதா வருகிறதா என்றே தெரியவில்லை, அவ்வளவு மெதுவு. அக்கரையில் படுவான்கரை வயல் வட்டைகள் வெயிலில் புகைபோலக் கிடந்தன. கதிர் முற்றும் காலம், பச்சையும் மஞ்சளும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருந்தது. தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு போட்டவர் யாரோ அதை அழித்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு முறை நின்றார். காய்ச்சல் என்று சொல்லலாம். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் வரும், அதற்கடுத்ததும் வரும்.

துறையடிக்குத் தெற்கே, முன்பு இறாலுக்கு ஐஸ் போட்டு வைத்த கொட்டில்தான் அவர்களுடைய மரவேலைக் கழகம். சிறில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்ந்தபோது அதை வாங்கினார். மஜீட் பழைய இரும்புக் கடையில் எடுத்த ஒரு சீவுளியைக் கடதாசி பறக்காமல் வைக்கிற பாரம் என்று நினைத்து மேசையில் வைத்திருந்தாராம். கண்ணாடி மாற்றப் போன சிறில் அதைக் கண்டு, கண்ணாடியை மறந்து, அந்த இரும்பின் வயதையும் பிறந்த ஊரையும் பற்றிப் பொழுது படும்வரை கதைத்தாராம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் பிறகு ஆளாளுக்குத் தொற்றியது. கணிதம் படிப்பிக்கும் மேர்லின் ரீச்சருக்கும் தொற்றியது, வினாயகமூர்த்திக்கும் தொற்றியது. தலைவர் இல்லை, பதிவு இல்லை. சனிக்கிழமைகளில் கூடி, சீவி, தீட்டி, எந்த உருக்கு எவ்வளவு நேரம் கூர் தாங்கும் என்று ஏதோ உலக விவகாரம் போலச் சண்டை பிடிப்பார்கள். வெட்டு இரும்பின் கூரைச் சோதிக்க இடக்கை முடியைச் சிரைத்துப் பார்ப்பது வழக்கம். அதனால் கழகத்தாரின் இடக்கைகள் எல்லாம் மொட்டை. மேர்லினிடம் பிள்ளைகள் கேட்டால் எண்ணெய் தெறித்து எரிந்தது என்பாள்.

மெசின் கூடாது என்ற சட்டம் பெரிய தத்துவத்தில் வந்ததல்ல. கொட்டிலுக்குக் கரண்ட் இல்லை, அதனால் வந்தது. பிறகு கரண்ட் வந்தது. அதற்குள் சட்டம் சமயமாகிவிட்டது. சிறில் ஒரேயொரு பல்பை மட்டும் தொங்கவிட்டு, "பிளக் வெச்சா நான் வாவியில குதிப்பன்" என்றார். நீந்தத் தெரியாத மனுசன் அப்படிச் சொன்னால் சும்மா விளையாட்டுக்குச் சொல்லமாட்டார்.

இவர்களோடு உதயரூபன் என்று ஒருவர் இருந்தார். அவருக்குப் பார்வை மங்கியது. பாவம், ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா வந்து இருங்க என்று எல்லாரும் அன்பாகச் சொன்னார்கள். அவர் வந்து இருந்தார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பிறகு தூள் கூட்டினார். பிறகு வரவில்லை. எந்தச் சனிக்கிழமையோடு அவர் வராமல் போனார் என்று கேட்டால் கழகத்தில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. வினாயகமூர்த்தியின் பயம் இதுதான். நடுக்கத்தை அவர் தாங்கிக்கொள்வார். அந்தக் கொட்டிலில் தன் மேசை இருந்த இடத்தில் தேத்தண்ணிக் கேத்தல் இருப்பதைத்தான் தாங்கமாட்டார். கழகத்தில் புறாவால் மூட்டு என்றால் அது மூர்த்தி என்று பேர். புறா வாலை விரித்த மாதிரி வெட்டிய பல்லும் அதற்கு எதிர்ப்பல்லும் கோத்து, ஆணியில்லாமல் இறுகி நிற்கும் மூட்டு அது. அதை வெட்ட மயிரிழை பிசகாத கை வேண்டும். இத்தனை மாதமும் முதுகுவலி, பல்வலி என்று ஏதாவது சாக்குச் சொல்லி, கழகத்தில் உளியைத் தொடாமல் தப்பிவந்தார்.

இன்று வருடத்துக்கு ஒரு முறை வரும் நாள். தைப்பொங்கல் கழிந்த சனிக்கிழமை, ஆளுக்கொரு சாமான் செய்து கொண்டுவர வேண்டும். அதற்குத் 'தப்புப் பார்க்கிறது' என்று பேர். ஒருவர் செய்ததை மற்றவர்கள் கண்ணை மூடித் தடவிப் பார்ப்பார்கள். பிறகு மேற்கு வாசலில், படுவான்கரைப் பக்கமிருந்து சாய்ந்து வரும் வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். செய்தவர் வாய் திறக்கப்படாது. ஒருவரும் நல்லது என்று சொல்லக் கூடாது. கை தப்பின இடம் எது என்று மட்டும் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் "தப்பு!" என்று கத்துவார்கள், கை தட்டுவார்கள், மஜீட் கொண்டுவரும் மஸ்கட் அல்வாவில் முதல் துண்டு செய்தவருக்கு. தப்பில்லாத சாமான் ஒன்று இதுவரை அந்தக் கொட்டிலுக்குள் வந்ததில்லை. அப்படி ஒன்று வந்தால் என்ன செய்வது என்று அவர்கள் யோசித்ததும் இல்லை. வினாயகமூர்த்தியும் யோசிக்கவில்லை, பாருங்கள். கோட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவர், தப்பு ஒன்றைச் செய்து வைக்க மறந்துபோனார்.

அவர் உள்ளே போனபோது கொட்டில் முழுக்கத் தேன் நிறமாக இருந்தது. தென்னங்கிடுகு வேலிக்குள்ளால் வந்த வெயிலில் மரத்தூள் மெதுவாக ஏறி இறங்கியது. சிறிலின் முக்காலி ஏற்கனவே நடுவில் நின்றது. தொட்ட உடனேயே ஒரு கால் நொண்டியது. மேர்லின் "தப்பு!" என்று கூவியபோது துறையடியில் நின்ற கொக்கு பறந்தது. மேர்லினின் அகப்பையில் கைபிடி ஒரு பக்கம் கோணல். மஜீட்டின் கண்ணாடிக்கூட்டில் மூடி இறுகிக்கொண்டு வர மறுத்தது. "கண்ணாடி பத்திரமா இரிக்கும், கண்ணுக்குத்தான் கிடைக்காது" என்று மேர்லின் சொல்ல, மஜீட் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எல்லாருக்கும் மஸ்கட் கிடைத்தது. வினாயகமூர்த்தியும் சிரித்தார். இந்த மூன்று பேரும் இந்த வெளிச்சமும் இந்த மர மணமும் இல்லாமல் தனக்கு ஒரு கிழமை எப்படி முடியும் என்று நினைத்துக்கொண்டார். பிறகு சாரத்துண்டை அவிழ்த்துப் பெட்டியை மேசையில் வைத்தார். வைத்துவிட்டு மரவாங்கில் உட்கார்ந்து, கைகள் இரண்டையும் தொடைக்குக் கீழே போட்டுக்கொண்டார்.

மேர்லின் கண்ணை மூடினாள். மூடியைத் தடவினாள், மூலைகளைத் தடவினாள், உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. "எனக்குக் கிடைக்கல்ல" என்று கண்ணைத் திறந்தாள். அவள் குரலில் ஒரு திகைப்பு இருந்தது. அடுத்தது சிறில். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். நாலு மூலையையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பிடித்தார். பற்களுக்கு நடுவில் ஒரு நூல் போகாது. சிறிலின் முகம் மாறிக்கொண்டே வந்தது. நிலத்தில் நிற்கும் மனுசனின் முகமாக அது இல்லை.

"மூர்த்தி" என்றார். சட்டத்தை மறந்து போனார். "எத்தின வருசமா நான் இப்பிடி ஒண்டப் பாக்கோணும் எண்டு இரிந்தன் தெரியுமா? மனுசன்ட கையால ஏலுமெண்டு எனக்குத் தெரியும். ஒருத்தனும் நம்பல்ல."

அவருடைய கண் நனைந்திருந்தது. வினாயகமூர்த்திக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்தச் சந்தோசத்தை எப்படித் தாங்குவது? தொடைக்குக் கீழே கிடந்த கைகள், ஒரு வேலையும் செய்யாமல், கல்லுப்போல அசையாமல் இருந்தன.

மஜீட் கையை நீட்டிப் பெட்டியை வாங்கினார். மடியில் வைத்துக் கண்ணை மூடினார். அவர் தடவுவது வேறு விதம். விரல் நுனியால் இல்லை, நகத்தால். நகம் மெதுவாக மூலைக்கு வந்தது, மூட்டுக்கு வந்தது, கோட்டுக்கு வந்தது. அங்கே நின்றது. கோட்டோடு சேர்ந்து போனது. போகப் போக நகம் ஏறி இறங்குவதை எதிரே இருந்த வினாயகமூர்த்தி பார்த்துக்கொண்டிருந்தார், பெட்டியில் இல்லாமல் தன் தோலிலேயே போவது போல. வெளியே பாதை கரை தட்டும் சத்தம் கேட்டது. மஜீட் கண்ணைத் திறந்தார். பெட்டியைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்தார்.

"தப்பு" என்றார். கத்தவில்லை. நோயாளியின் பெயரைக் கூப்பிடுவது போலச் சொன்னார்.

"எங்க?" என்று பாய்ந்து வந்தார் சிறில்.

"இந்தக் கோடு."

மேர்லின் குனிந்தாள். "ஓம். கோடு ஆடுது. இது நேர்கோடே இல்லை."

சிறில் பெட்டியைப் பறித்து வெயிலில் சரித்தார். சாய்ந்த வெயிலுக்கு ஒன்றையும் மறைக்கத் தெரியாது. கோடு மூட்டுக்கு அடியில் போகவில்லை. பல்லுக்கு மேலால், ஒட்டுக்கு மேலால், மினுக்கிய மெழுகையும் கிழித்துக்கொண்டு, எறும்பு வழி தவறின மாதிரி வளைந்து வளைந்து போனது. வெட்டுக்குப் பிறகு போட்ட கோடு. மெழுகுக்கும் பிறகு போட்ட கோடு. சிறில் பெட்டியை மேசையில் வைத்தார். மிகக் கவனமாக, அது உடைந்துவிடும் என்பது போல வைத்தார்.

"எங்க வெட்டினது?"

"களுவாஞ்சிகுடியில" என்றார் வினாயகமூர்த்தி. "ரதீஸ்ட மெசினில. பலகை சீவினதும் அதிலதான்."

பிறகு தொடைக்குக் கீழே இருந்த கைகளை எடுத்தார். மேசையில் கிடந்த உளி ஒன்றை எடுத்து, வெட்டப் போவது போலப் பிடித்துக் காட்டினார். வாயால் சொல்ல அவருக்கு வேறு வழி தெரியவில்லை. உளி முனை காற்றில் வேகமாக ஆடியது. வாசல் வெயில் அதில் பட்டுக் கூரையில் பூச்சி போலப் பறந்தது. எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். கையைப் பார்ப்பதைவிட அது சுகமாக இருந்தது.

"எப்ப இருந்து, மூர்த்தி அண்ணன்?" என்று மேர்லின் கேட்டாள்.

"வைகாசியில இருந்து."

"என்னட்டச் சொல்லியிரிக்கலாமே" என்றார் சிறில். "நான் என்ன பேயனா? இப்ப வாசல்ல நிண்டு நான் என்னென்ன கதைச்சன்!"

"சொன்னா என்ன செய்திரிப்பாய் சிறில்? சும்மா வந்து இரி எண்டிரிப்பாய். தேத்தண்ணி ஊத்தச் சொல்லியிரிப்பாய்."

"அதுவும் உனக்கு ஏலாது மச்சான்" என்றார் மஜீட். "சிந்தும்."

மேர்லினுக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். வினாயகமூர்த்திக்கும் வந்தது. எங்கிருந்தோ வந்து, நெஞ்சைக் குலுக்கி, கண்ணீராக முடிந்தது. வைகாசியிலிருந்து, விசயம் தெரிந்தவர்கள் எல்லாரும் அவருடைய கையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்கள். மஜீட் ஒருவர்தான் கையைப் பார்த்துப் பகிடி விட்டார். அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"உனக்குக் கோட்டில இருந்துதான் தெரிஞ்சிதா?" என்று கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"கோடா? ரெண்டு மூணு மாசமாத் தெரியும். ஒரு நாள் உன்ட சட்டைக்கை மேல போச்சிது. இடக்கையில முடி காடாக் கிடக்கு. இந்தக் கொட்டிலுக்க முடி வளந்த கை உன்னுடையது மட்டும்தான். நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்திட்டு இரிந்தன்." மஜீட் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக் கோட்டின் மேல் விரலை வைத்தார். "இந்தப் பெட்டியில நல்ல வேலையெல்லாம் மெசின்ட. உன்ட கை இரிக்கிறது இதில மட்டும்தான். அதான் தப்பு எண்டு சொன்னன். மஸ்கட் எடு."

வினாயகமூர்த்தி ஒரு துண்டை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகும்போது கை ஆடியது, அவர் மறைக்கவில்லை. இனிப்பு நெய்யாகக் கரைந்தது. நிமிர்ந்து பார்த்தபோது சிறில் அங்கே இல்லை. மேற்கு வாசல் திறந்து கிடந்தது.

கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தார். போகத்தானே வேண்டும். அந்த மனுசனுடைய கண்ணை நனைத்துவிட்டு, அது பொய் என்றும் காட்டியாயிற்று. பெட்டியைத் திரும்பவும் சாரத்துண்டில் சுற்றத் தொடங்கினார். இனி வருவதா வேண்டாமா என்பதை வீட்டுக்குப் போய் யோசிக்கலாம். யோசிக்க என்ன இருக்கிறது? முடிச்சுப் போட விரல்கள் சொல்வழி கேட்கவில்லை. மேர்லின் உதவிக்கு வரப் பார்த்தாள், பிறகு வரவில்லை. அந்த நேரம் வெளியே இரும்பு மரத்தில் உரசும் சத்தம் கேட்டது.

வாவிக்கரையில், தண்ணீர் தொட்டும் தொடாமலும், ஒரு மருதங்குற்றி கிடந்தது. மார்கழி வெள்ளம் எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டிலின் காலடியில் போட்டுவிட்டுப் போனது. சிறில் அதன்மேல் ஒரு காலை ஊன்றி நின்றார். குற்றிக்குக் குறுக்கே, இரண்டு பக்கமும் பிடியுள்ள, மரம் அறுக்கும் ஆள் நீளத்துப் பெரிய வாள். அதை ஒருவரால் இழுக்க முடியாது. இரண்டு பேர் வேண்டும். இந்தப் பக்கத்துப் பிடியை அவர் பிடித்திருந்தார். அந்தப் பக்கத்துப் பிடி சும்மா நின்றது. அவர் ஒருவரையும் கூப்பிடவில்லை. அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறிலுக்கு மனதில் பாரம் வந்தால் வாயில் ஒன்றும் வராது, ஏதாவது ஒரு மரத்தைப் போய் வதைப்பார் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

மேர்லின் எழும்பப் பார்த்தாள். "இரிங்க ரீச்சர்" என்றார் மஜீட். "மஸ்கட் ஆறிப் போகும்."

மஸ்கட் ஆறித்தான் இருந்தது. மேர்லின் உட்கார்ந்தாள்.

வினாயகமூர்த்தி சாரத்துண்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனார். ஈரமணலில் செருப்பு புதைந்தது. கழற்றிவிட்டு, குற்றியின் மறுபக்கம் போய் நின்றார். சட்டைக்கைகளை முழங்கை வரைக்கும் சுருட்டிக்கொண்டார். பிடியைப் பிடித்த உடனேயே நடுக்கம் வாளுக்குள் இறங்கியது. நீண்ட மெல்லிய உருக்கு சும்மா இருக்குமா? மெதுவாக ரீங்காரம் போட்டது. அந்த ஓசை தண்ணீருக்கு மேல் போய்க்கொண்டே இருந்தது. சிறில் அக்கரையிலிருந்து பார்வையை எடுத்து வாளைப் பார்த்தார்.

"தள்ளப்படாது" என்றார். "இழுக்க மட்டும்தான். நான் இழுக்கக்குள்ள நீ விட்டுக்குடு. நீ இழுக்கக்குள்ள நான் விட்டுக்குடுப்பன்."

"தெரியும்."

"தெரிஞ்சா இழு."

முதல் இழுப்பில் வாள் துள்ளி, பட்டையில் கண்டபடி கீறியது. இரண்டாவதிலும் துள்ளியது. சிறில் இறுக்கிப் பிடித்து அதை அடக்கியிருக்கலாம். பலமான கை அவருக்கு. அடக்கவில்லை. பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார். அப்போது இந்தப் பக்கத்து நடுக்கம் முழுவதும் வாள் வழியாக ஓடி அந்தப் பக்கம் போனது. சிறிலின் மணிக்கட்டு நடுங்கியது, முழங்கை நடுங்கியது, சட்டைப் பையில் இருந்த மூக்குக்கண்ணாடி நடுங்கியது. அவர் முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்தது. இப்படியா இருக்கும் என்று கேட்பது போல இவரைப் பார்த்தார். இவர் தலையை ஆட்டினார்.

பிறகு வாள் தன் பாரத்தாலேயே மரத்துக்குள் இறங்கத் தொடங்கியது. இறங்க இறங்க ரீங்காரம் குறைந்து தடிப்பாயிற்று. வெள்ளத்தில் ஊறிய மருது உள்ளே இரத்தச் சிவப்பாக இருந்தது, ஈர மணம் வந்தது. வெயில் படுவான்கரை மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. வெட்டு நேராகப் போகிறதா கோணலாகப் போகிறதா என்று இருவரும் குனிந்து பார்க்கவில்லை. வாள் வந்தது, போனது. வரும்போது சிவந்த மரத்தூள் வினாயகமூர்த்தியின் கால்விரல்களில் விழுந்தது. போகும்போது சிறிலின் காலில் விழுந்தது.